குத்துகிற வசனத்தை என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தினமும் வேதம் வாசிக்கிறவள் நான். அப்பா வீட்டைப் பாகம் பிரித்ததில் தம்பியோடு பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது. தப்பு அவன்மேல்தான். நானும் அன்றைக்கு அவன் மனைவியை ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், அதை விடுங்கள். போன மாதம் ஆராதனையில் மத்தேயு 5:23, 24 வாசித்தார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற பகுதி. அன்றிலிருந்து வேதத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. இது கர்த்தர் பேசுவதா, சாத்தான் குற்றப்படுத்துவதா? கொஞ்ச நாளைக்கு ஆறுதலான சங்கீதங்களை மட்டும் வாசிக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தாராளமாகச் சங்கீதம் வாசியுங்கள். ஆனால் 32ஆம் சங்கீதத்தையும் 51ஆம் சங்கீதத்தையும் தாண்டிப் போகாதீர்கள். பாவத்தை அடக்கி வைத்திருந்த நாளெல்லாம் எலும்புகள் உலர்ந்துபோனதாகத் தாவீது சொல்வது 32இல்தான். அறிக்கையிட்டேன், மன்னித்தீர் என்று அடுத்த மூச்சில் சொல்வதும் அங்கேயேதான். ஆறுதலை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க அந்தச் சங்கீதம் இடம் கொடுக்காது.

பிரித்தெடுத்துப் பார்த்த ஒரு ராஜா உண்டு. அவனுடைய அப்பா யோசியாவிலிருந்து தொடங்க வேண்டும். கி.மு. 622 வாக்கில் எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைக்கிறது. சம்பிரதியாகிய (அரண்மனை எழுத்தனாகிய) சாப்பான் அதை ராஜாவுக்கு வாசிக்கிறான். கேட்ட உடனே யோசியா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். இத்தனைக்கும் அவன் நல்ல ராஜா. அந்தப் புஸ்தகத்தைக் கைக்கொள்ளாத குற்றம் பெரும்பாலும் முன்னோர்களுடையது. அவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு அவன் நகரவில்லை. உன் இருதயம் இளகியதால் நான் கேட்டேன் என்று தீர்க்கதரிசியான உல்தாள் வழியாகக் கர்த்தர் அவனுக்குப் பதில் சொல்லி அனுப்புகிறார்.

இருபது வருஷம்கூட ஆகவில்லை. இப்போது மகன் யோயாக்கீம் சிங்காசனத்தில் இருக்கிறான். மாரிகாலம், அரண்மனையில் கணப்பு எரிகிறது. தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல பாருக் எழுதிய எச்சரிப்பின் சுருளை யெகுதி என்பவன் வாசிக்கிறான். மூன்று நாலு பத்தி முடிந்ததும் ராஜா எழுத்தர்களின் சின்னக் கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போடுகிறான். வேண்டாம் என்று கெஞ்சியவர்களில் ஒருவன் கெமரியா, அதே சாப்பானின் மகன். ராஜா கேட்கவில்லை. அங்கே யாரும் பயப்படவுமில்லை, தங்கள் வஸ்திரத்தைக் கிழிக்கவுமில்லை என்று எரேமியா 36 எழுதி வைக்கிறது. அப்பா துணியைக் கிழித்தார், மகன் சுருளைக் கிழித்தான். அப்புறம் என்ன? கர்த்தர் அதே வார்த்தைகளை மறுபடி எழுதச் சொன்னார். இன்னும் நிறைய சேர்ந்து வந்தது.

நம் கையில் கத்தி இல்லை, ஆறுதலான ஒரு வசனம் மட்டும் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை இருக்கிறது. புதுவருஷ ஆராதனையில் எரேமியா 29:11 (உங்களைப்பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனம்) கிடைத்தால் ஃபிரேம் போட்டு மாட்டுகிறோம். அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் 70 வருஷம் என்கிறது. அந்த வசனத்தை அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

சரி, கர்த்தரா சாத்தானா? இயேசுவை மறுதலித்த பேதுருவும் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் ஒரே இரவில் விழுந்தவர்கள். இரண்டு பேருக்கும் துக்கம் வந்தது. யூதாசின் துக்கம் இனி வழியே இல்லை என்றது. பேதுரு மனங்கசந்து அழுதான், ஆனால் மற்ற சீஷர்களை விட்டுப் போகவில்லை. பிறகு திபேரியா கடற்கரையில், கரிநெருப்புக்குப் பக்கத்தில், 'என்னை நேசிக்கிறாயா' என்று இயேசு மூன்றுமுறை கேட்ட கேள்வி அவனை மறுபடியும் துக்கப்படுத்தியது; வேலையை ஒப்படைத்ததும் அதே கேள்விதான். 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்று பொதுவாக அமுக்குகிற குரலை நம்பாதீர்கள். உங்களைக் குத்திய வசனம் அப்படியா பேசுகிறது? யாரிடம் போக வேண்டும், போய் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. திரும்பி வந்து காணிக்கையைச் செலுத்து என்றும் சொல்கிறது. திரும்பி வர உங்களுக்கு இடம் இருக்கிறது.

அந்த வசனத்தை இன்னொரு தடவை மெதுவாக வாசியுங்கள். உனக்குச் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று அதில் இல்லை. உன்மேல் அவனுக்குக் குறை உண்டென்று நினைவுவந்தால் என்றுதான் இருக்கிறது. தம்பி செய்ததையெல்லாம் இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள் (இங்கே சுருக்கிவிட்டேன்). 'அதை விடுங்கள்' என்று ஒரே வரியில் தாண்டியது அவன் மனைவியைச் சொன்ன வார்த்தையை. வசனம் நிற்கிற இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையைக் கேட்டுக் கோபத்தில் கொதித்த, தானே இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டிருந்த தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றதும் இப்படித்தான். வேதம் வாசிக்கும்போது நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முகம்தான் முதலில் தெரியும்.

ஆகவே போங்கள். தம்பி மனைவியிடம் அந்த ஒரு வார்த்தைக்கு மன்னிப்புக் கேளுங்கள். 'ஆனால் நீங்களும்' என்று தொடங்காதீர்கள். வீட்டுப் பாகத்தை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம். அதில் உங்களுக்கு நியாயம் இருக்கலாம், அதை வக்கீலும் பத்திரமும் வைத்துத் தனியாகப் பேசலாம். மன்னிப்புக் கேட்பதால் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. அவர்கள் முகம் கொடுக்காவிட்டால்? 'கூடுமானால், உங்களாலான மட்டும்' என்று ரோமர் 12:18 அதற்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறது. உங்கள் பங்கைச் செய்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கையோடு போங்கள்.