பறித்த பிறகும் மூச்சு விடும் காய்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: காலையில் பறித்த ஸ்வீட் கார்ன் மறுநாளே சப்பென்று ஆகிவிடுகிறது. ஏன்?

பதில்: செடியை விட்டுப் பிரிந்ததும் காய் செத்துவிடுவதில்லை, மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. செடியிலிருந்து வரத்து நின்றுபோனதால் கையிருப்புச் சர்க்கரையை எரித்துக் காலம் தள்ளுகிறது. பறித்த கதிர்களைக் குவித்து வைத்து, சில மணி நேரம் கழித்து நடுவில் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். அது வெயிலின் சூடு மட்டுமல்ல, மூச்சின் சூடும்தான். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த மூச்சு இரண்டு, மூன்று மடங்கு வேகமாகும். போதாக்குறைக்கு, மிச்சமிருக்கும் சர்க்கரையைச் சோளம் மாவுச்சத்தாக மாற்றிக்கொண்டே வரும். 30 டிகிரியில் ஒரே நாளில் பாதி இனிப்பு போய்விடும். 0 டிகிரியை ஒட்டி வைத்தால் கொஞ்சம்தான் குறையும். பறித்த கையோடு ஐஸ் தண்ணீரில் முக்கி, மட்டையை உரிக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் எல்லாக் காயையும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமா?

பதில்: அதுதான் கூடாது. வெள்ளரி, கத்தரி, வெண்டை போன்றவை 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் அவற்றின் செல் சவ்வுகள் பழுதாகிவிடும். உள்ளே இருக்கும்வரை நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். வெளியே எடுத்து வைத்த பிறகுதான் தோலில் குழி விழும், கொழகொழக்கும். காயாக இருக்கும் தக்காளியைக் குளிரில் பல நாள் வைத்தால் அப்புறம் ஒழுங்காகப் பழுக்காது. உருளைக்கிழங்கு சோளத்துக்கு நேரெதிர். 4 டிகிரியில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், பொரித்தால் சட்டென்று கருத்துவிடும்.

கேள்வி: வாடிய கீரை தண்ணீரில் வைத்ததும் நிமிர்கிறதே, சத்தும் திரும்பிவிடுமா?

பதில்: திரும்பாது. செல்களுக்குள் மறுபடி நீர் ஏறி விறைப்பு வருகிறது, அவ்வளவுதான். குறைந்துபோன வைட்டமின் சி போனது போனதுதான். ஆனாலும் தண்டின் அடியைப் புதிதாக நறுக்கிவிட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள், சாப்பிட நன்றாக இருக்கும்.

கேள்வி: கேரட்டை இலையோடு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். இலை கிழங்கின் நீரை இழுத்து ஆவியாக விட்டுவிடும், கேரட் ரப்பர் மாதிரி வளையும். ஆப்பிள் பக்கத்திலும் வைக்காதீர்கள். அது வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட் கசக்கும். ஏற்கெனவே கசந்துவிட்டதா? கசப்பு பெரும்பாலும் தோலில்தான் சேரும், சற்று ஆழமாகச் சீவிவிட்டுச் சமையுங்கள்.