ரிக்வேதத்தின் 'பக்தர்' என்ற குலத்தார் இன்றைய பஷ்தூன்களா?

ரிக்வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் பத்து அரசர் போர்ப் பாடலில் வரும் 'பக்த' என்ற குலம்தான் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வாழும் இன்றைய பஷ்தூன் (பக்தூன் என்றும் சொல்வார்கள்) என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதுதான் பெரிய ஆதாரம். சிக்கல் ஒலியில் இருக்கிறது. பழைய ஈரானிய மொழியில் 'க்த' என்று இருந்தது பஷ்தூன்களின் மொழியான பஷ்தோவில் தேய்ந்து போய்விட்டது: மகளுக்குப் பாரசீகத்தில் 'துக்தர்', பஷ்தோவில் வெறும் 'லூர்'. அப்படியிருக்க இந்த ஒரு பெயர் மட்டும் எப்படித் தப்பியது? பெஷாவர் பக்கம் இந்தப் பெயரில் கேட்கும் 'க்' பிற்கால வட்டாரத் திரிபு, தெற்கே 'ஷ்' தான்.

அதனால்தான் நார்வே மொழியியலாளர் மோர்கன்ஸ்டியர்ன பஷ்தூன் என்ற பெயருக்கு 'பர்சு' என்ற வேரைக் காட்டினார். பாணினியின் சமஸ்கிருத இலக்கணத்திலும் பர்சு என்ற போர்க்குடி வருகிறது. எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது, ஆனாலும் பக்த கட்சிக்காரர்கள் விடுவதாயில்லை, கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொன்ன 'பக்டியிக்கே' என்ற நாட்டின் பெயரைக் கொண்டு வந்து நிறுத்துவார்கள்.