அலாஸ்கா கப்பலில் ஏற்றவில்லை: பணத்தை யாரிடம் கேட்பது?

கேள்வி: கோவையில் ஒரு டிராவல் ஏஜென்ட் மூலம் எனக்கும் மனைவிக்கும் 4,60,000 ரூபாய் கட்டி அலாஸ்கா க்ரூஸ் பதிவு செய்தேன். அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறி ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கெட்சிகன் பார்த்து அங்கேயே திரும்பும் 7 இரவுப் பயணம். என்ன விசா வேண்டும் என்று கேட்டதற்கு, "அமெரிக்க விசா போதும்" என்று ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் எழுதினார். துறைமுகத்தில், கனடா விசா இல்லையென்று ஏற்ற மறுத்துவிட்டார்கள். கப்பல் நிறுவனம் பணம் தராது என்கிறது. விசா பயணியின் பொறுப்பு என்கிறார் ஏஜென்ட்.

பதில்: கப்பல் நிறுவனத்தோடு மல்லுக்கட்டி நாட்களை வீணாக்காதீர்கள். ஆவணங்கள் பயணியின் பொறுப்பு என்று அவர்களுடைய டிக்கெட் ஒப்பந்தத்தில் இருக்கும். வழக்கை எந்த ஊரில் போட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். அத்தகைய நிபந்தனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பயன்படுத்தாத துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் மட்டும் எழுத்தில் கேளுங்கள். ஏற்ற மறுத்ததற்கான கடிதத்தையும் வாங்குங்கள். அது முக்கியச் சாட்சியம்.

உங்கள் வழக்கு ஏஜென்ட் மீதுதான். வெளிநாட்டுக் கொடி கட்டிய, அதாவது வெளிநாட்டில் பதிவான கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவர்களைச் சுற்றிக்காட்டி அங்கேயே கொண்டுவந்து இறக்க வேண்டுமானால், நடுவே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். இது 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். சியாட்டில் கப்பல்கள் பல, கடைசி மாலை கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பது இதற்காகத்தான். கொரோனாவில் கனடா துறைமுகங்களை மூடியபோது, 2021-ல் அமெரிக்கா தற்காலிக விலக்குச் சட்டமே போட வேண்டியிருந்தது. அலாஸ்கா பயணம் விற்பவருக்கு இது அரிச்சுவடி. தெரியாது என்று அவர் சொன்னால் அதுவே சேவைக் குறைபாடு. தெரிந்து மறைத்திருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு அதையும் குறைபாடு என்றே சொல்கிறது.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகை அட்டையுடன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. கெடு, ஏற்ற மறுத்த நாளிலிருந்து 2 ஆண்டு. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும். கப்பல் கட்டணம், சியாட்டிலில் கூடுதலாகத் தங்கிய ஓட்டல் செலவு, விமான டிக்கெட் மாற்றிய செலவு ஆகியவற்றை ரசீதோடு கேளுங்கள். மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை போதும்; கோடிக்கணக்கில் கேட்டால் புகாரின் கனம் குறையும்.

பல வழக்குகள் கோட்டைவிடுவது சாட்சியத்தில்தான். வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக, ஏஜென்டின் எண் தெரியும்படி அச்செடுங்கள். 2023 சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழை (மின்னணுப் பதிவின் பிரதியைச் சாட்சியமாக ஏற்கத் தேவையான சான்று) இணையுங்கள். அசல் உரையாடலை அழிக்காதீர்கள், வழக்கு முடியும்வரை போனையும் மாற்றாதீர்கள். "விசா பயணியின் பொறுப்பு" என்று பொடி எழுத்தில் அச்சிட்ட ரசீதை ஏஜென்ட் நீட்டுவார். பயப்பட வேண்டாம். நீங்கள் குறிப்பாகக் கேட்டு, அவர் குறிப்பாகத் தவறான பதில் தந்திருக்கிறார்; பொதுவான நிபந்தனை அதை எளிதில் மூடிவிடாது. அந்தக் கேள்வியை நீங்கள் கேட்ட செய்தியும் அச்சுப் பிரதியில் இருக்கட்டும்.

பயணக் காப்பீட்டை நம்ப வேண்டாம். விசா இல்லாமல் நின்றுபோன பயணத்துக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை.

மீண்டும் போவதாக இருந்தால், சியாட்டிலில் ஏறினாலும் கனடாவின் வான்கூவரில் ஏறினாலும் கனடா விசா எடுத்துவிடுங்கள். அது வேண்டாமென்றால், ஜூனோவுக்கும் கெட்சிகனுக்கும் இடையே அமெரிக்கக் கொடியோடு ஓடும் சிறு கப்பல்களில் கனடாவைத் தொடாத பயணங்கள் உண்டு, கட்டணம் கூடுதல்.