கேமுக்கும் ஓடிடிக்கும் எந்த ரூட்டர்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டில் 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. மகன் வேலரண்ட் விளையாடும்போது பிங் (தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லிசெகண்டில்) 35-இல் இருந்து திடீரென 300-க்கு எகிறுகிறது. ஆறு ஆன்டெனா வைத்த ‘கேமிங் ரூட்டர்’ கேட்கிறான். வாங்கித் தரலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஆன்லைன் கேம் ஓடும்போது ஒரு எம்பிபிஎஸ் கூடச் செலவாகாது. அதற்கு வேண்டியது, தகவல் தாமதமில்லாமல் ஒரே சீராகப் போய்வருவதுதான். ஓடிடி கதை வேறு. 4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் 15 எம்பிபிஎஸ் கேட்கிறது. ஆனால் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால், நடுவில் லைன் தடுமாறினாலும் கண்ணுக்குத் தெரியாது.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். மகனின் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு முறை திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் 8.8.8.8-க்கும் (இணையத்தில் உள்ள கூகுள் சர்வர்) பிங் ஓடவிடுங்கள். ரூட்டருக்கே 2, 3 மில்லிசெகண்டில் இருந்து 100 என்று குதித்தால் வில்லன் வைஃபை. வைஃபை அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்து 5-க்கு மாற்றுங்கள். முடிந்தால் லேன் கேபிளே இழுத்துவிடுங்கள். அதற்கு ஈடான ரூட்டர் எந்த விலையிலும் கிடையாது.

ரூட்டர் வரை சீராக இருந்து 8.8.8.8 மட்டும் எகிறுகிறதா? அந்த நேரத்தில் வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களை கிளவுடில் ஏற்றுகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால், அப்லோட் நிரம்பி, கேமின் தகவலும் மோடமில் வரிசையில் நிற்கிறது. ‘பஃபர்ப்ளோட்’ என்பது இதைத்தான். ஆன்டெனா எத்தனை இருந்தாலும் இது தீராது. எஸ்க்யூஎம் (இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும்) வசதி உள்ள ரூட்டராகக் கேட்டு வாங்குங்கள். ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்றக்கூடிய மாடல்களில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். எஸ்க்யூஎம்மில் டவுன்லோட், அப்லோட் இரண்டையும் உண்மையான வேகத்தில் 90 சதவீதம், அதாவது உங்களுக்கு 36 என்று வையுங்கள். வரிசை அப்போதுதான் ரூட்டரின் கட்டுப்பாட்டுக்கு வரும். இந்த வேலையை ரூட்டரின் பிராசஸர் செய்கிறது. 40 எம்பிபிஎஸ்ஸுக்கு சாதாரண ரூட்டரே சமாளிக்கும், 300-க்கு மேல் என்றால் மலிவான மாடல்கள் திணறிவிடும்.

வீட்டில் யாரும் எதையும் ஏற்றாதபோதும், இறக்காதபோதும் 8.8.8.8 எகிறினால், தவறு வெளி லைனில். இணைப்பு தருபவரிடம் புகார் கொடுங்கள், ரூட்டருக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

கேள்வி: ரூட்டர் பெட்டியில் ‘ஏசி 1200’ என்று போட்டிருக்கிறது. 200 எம்பிபிஎஸ் பிளானில் 94-க்கு மேல் வரவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், ஓசூர்

பதில்: 1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் 300-ஐயும் 5-இன் 867-ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் சேர்த்துப் போட்ட விளம்பரக் கணக்கு. ஒரு போன் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதில்லை. 94 என்ற எண்தான் துப்பு: நடுவில் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது. விலை குறைந்த பல ரூட்டர்களில் வைஃபை வேகமாக இருக்கும், வான் போர்ட் (வெளி லைனைச் சொருகும் இடம்) மட்டும் 10/100, அதாவது அதிகபட்சம் 100 எம்பிபிஎஸ். பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள். போர்ட் கிகாபிட்தான் (1000 எம்பிபிஎஸ்) என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். கிரிம்ப் செய்தவர் (கேபிள் முனையில் பிளக் பொருத்தியவர்) ஒன்றைச் சரியாகச் சொருகாவிட்டாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடும்.

கேள்வி: புது ரூட்டரை ஃபைபர் மோடமில் சொருகினேன். படம் நன்றாக ஓடுகிறது. கேமில் ‘நாட் ஸ்ட்ரிக்ட்’ என்று வந்து நண்பர்களோடு பேச முடியவில்லை.
– வாசகர், காரைக்குடி

பதில்: மோடமும் ஒரு ரூட்டர்தான், இரண்டும் நாட் வேலை (ஒரே வெளி முகவரியை வீட்டுக் கருவிகளுக்குப் பகிர்ந்து தருவது) செய்கின்றன. புது ரூட்டரின் வான் முகவரி 192.168 என்று தொடங்கினால் இது உறுதி. இணைப்பு தருபவரிடம் மோடமை பிரிட்ஜ் மோடுக்கு (நாட் செய்யாமல் லைனை மட்டும் கடத்தும் நிலை) மாற்றச் சொல்லி, புது ரூட்டர் இணைப்பில் நுழையத் தேவையான பிபிபிஓஇ பயனர்பெயர், பாஸ்வேர்ட், விலான் எண் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் புது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (நாட் செய்யாமல் வைஃபை மட்டும் தரும் நிலை) வையுங்கள். பிரிட்ஜ் மோடுக்கு மாற்றிய பிறகு வான் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையே வந்தால், நாட் நிறுவனத்தின் பக்கம் நடக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் தகவலுக்கு ரூட்டரில் வழி திறப்பது) எல்லாம் வீண் வேலை. தனி ஐபி முகவரிக்குக் கட்டணம் எவ்வளவு என்று அவர்களிடமே கேளுங்கள்.