தூளிக் கயிறும் ஒரு வயரும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

‘க்ளியோ 5 முதல் 7 வரை’ படம் பார்த்தேன். அதன் இயக்குநர் அன்யேஸ் வர்தாவை, பிரெஞ்சு சினிமாவைப் புதுப்பித்த ‘புதிய அலை’ இயக்கத்தின் பாட்டி என்கிறார்களே, ஏன்? அவருடையவை பெண்ணியப் படங்களா? அடுத்து எதைப் பார்க்கலாம்? எனக்கும் திரைக்கதை எழுத ஆசை. மகனுக்கு இரண்டு வயது. அவன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் எழுதுவேன்.

இப்படிக்கு, ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டிப் பட்டத்தை விடுங்கள். 1954இல் முதல் படத்தை எடுத்தபோது வர்தாவுக்கு வயது 26. அந்த அலையின் முக்கிய இயக்குநரான கோதார் அவரைவிட இரண்டு வயதுதான் இளையவர். பெண்ணியமா என்பதற்கும் நீண்ட பதில் இல்லை. கருக்கலைப்பு குற்றமாக இருந்த 1971இல், தாங்கள் அதைச் செய்துகொண்டதாகப் பகிரங்கமாக அறிவித்துக் கையெழுத்திட்ட 343 பெண்களில் அவரும் ஒருவர். போதுமா?

என்னை உறுத்தியது உங்கள் கடைசி வரி.

1972இல் வர்தாவுக்கு மகன் பிறந்தான். வீட்டைவிட்டு நகர முடியவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டு மின்பெட்டியிலிருந்து ஒரு நீண்ட வயரை இழுத்தார். அது எட்டும் தூரம்வரை படமெடுப்பது என்று முடிவு செய்தார். பாரிஸில் அவர் குடியிருந்த தகேர் தெருவின் ரொட்டிக் கடைக்காரர், கறிக்கடைக்காரர், தையற்காரர், கடிகாரம் பழுதுபார்ப்பவர், வாசனைத் திரவியக் கடையின் வயதான தம்பதி எல்லோரும் படத்துக்குள் வந்தார்கள். ‘தகேரோதிப்’ என்ற ஆவணப்படம் அப்படிப் பிறந்தது. அந்த வயரைத் தொப்புள்கொடி என்றே அவர் சொல்வார்.

இதைக் கேட்டு உடனே நெகிழ்ந்துவிடாதீர்கள். அவர் கணவர் ழாக் தெமியும் இயக்குநர்தான். பிள்ளையை முன்னிட்டு அவர் வயர் அளந்து படமெடுத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. உங்கள் கடிதத்திலும் குழந்தையின் அப்பா ஒரு வரியில்கூட இல்லையே, கவனித்தீர்களா?

என் மகள் தூளியில் கிடந்த நாட்களில் தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு எழுதுவேன். கயிறு எட்டும் இடத்தில்தான் மேசை. ஆட்டம் நின்றால் அழுவாள். எழுத்தில் ஆழ்ந்தால் கால் நின்றுவிடும். அதனால் ஆழ்ந்துபோகாமல் எழுதப் பழகினேன். அந்தக் காலக் கதைகளில் நீளமான வாக்கியமே கிடையாது. ஒரு விமர்சகர் அதை ‘இறுக்கமான நடை’ என்று பாராட்டினார். பக்கத்து அறையில் குறட்டை கேட்டுக்கொண்டிருந்ததை அவர் அறியார். இன்றுவரை எனக்கு அதில் கோபம்தான். ஆனால் கோபத்தோடும் எழுதினேன், தாயே.

நீங்கள் பார்த்த க்ளியோவும் இந்த ரகம்தான். தயாரிப்பாளர் சொன்ன தொகை சிறியது. பயணச் செலவும் தங்கும் செலவும் கட்டுப்படியாகாது. ஆகவே கதை பாரிஸிலேயே, ஒரே நாளில், ஒன்றரை மணி நேரத்துக்குள் நடக்கட்டும் என்று வர்தா வைத்துக்கொண்டார். புற்றுநோயா இல்லையா என்று மருத்துவரின் முடிவுக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த நேரமே கதையாகிவிட்டது. கை நிறையப் பணம் கிடைத்திருந்தால் இந்தப் படம் வந்திருக்காது.

பள்ளிக்குப் போகட்டும் என்கிறீர்கள். போனால் காய்ச்சல் வரும், வீட்டுப்பாடம் வரும், பெற்றோர் கூட்டம் வரும். பிறகு பத்தாம் வகுப்புத் தேர்வு வரும்.

எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ‘தகேரோதிப்’ பாருங்கள். இன்று இரவே ஒரு காட்சி எழுதி எனக்கு அனுப்புங்கள். நடுவில் பையன் விழித்துவிட்டால், எழுதிய வரை அனுப்புங்கள்.