கேள்வி–பதில்: கூச்சலுக்குப் பின்னே வலி இருக்கலாம்

கேள்வி: டிமென்ஷியா முற்றிய என் தந்தைக்கு வயது 78. இரவெல்லாம் கூச்சலிட்டு, தொட வருபவர்களைத் தள்ளிவிட்டதால் மனநல மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். இப்போது விழுங்கவும் சிரமப்படுகிறார். இனி நோய்த்தணிப்புச் சிகிச்சையே பொருத்தம் என்கிறார் மருத்துவர். கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே பொருள்? மூக்குக் குழாய் பொருத்தச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னது சரியான யோசனை, என்னைக் கேட்டால், சேர்த்த அன்றே தொடங்கியிருக்க வேண்டிய சிகிச்சை அது. குணப்படுத்த இயலாத நோயில் வலி, மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியவற்றைத் தணிப்பதே அதன் வேலை. நிமோனியா போன்ற தொற்றுக்கு மருந்து வேண்டுமா என்பதை அவரவர் நிலையைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

மனநல வார்டில் கூச்சல் என்றதும் நடத்தைக் கோளாறு என்று கருதிவிடுவது எளிது. பேச்சிழந்தவருக்குப் படுக்கைப்புண், மலச்சிக்கல், மூட்டுவலி, சிறுநீர் அடைப்பு எதுவானாலும் வெளிப்படுவது கூச்சலாகத்தான். நார்வேயின் முதியோர் இல்லங்களில் டிமென்ஷியாவோடு கூச்சல், பதற்றம் போன்ற கிளர்ச்சியும் உள்ள 352 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கப்பட்டவர்களிடம் கிளர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கொடுக்கப்பட்டது வெறும் பாராசிட்டமால். ஆகவே, தூக்க மருந்தைக் கூட்டுவதற்கு முன், மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் இடும் 'பெயினாட்' அளவுகோலால் வலியைக் கணிக்கும்படி கேளுங்கள். 'ஆன்டிசைகோடிக்' எனப்படும் மனநோய் மருந்துகளில் புதிய வகையானவை டிமென்ஷியா உள்ள முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்திருக்கிறது. அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

மூக்குக் குழாய் வேண்டாம் என்பதே என் கருத்து. முற்றிய டிமென்ஷியாவில் அது ஆயுளை நீட்டுவதாகவோ, உணவு நுரையீரலுக்குள் போவதைத் தடுப்பதாகவோ சான்றில்லை. பிடுங்கிவிடுவார் என்று கைகளைக் கட்டிவைக்கும் நிலைதான் பல இடங்களில் வருகிறது. நிமிர்த்தி உட்காரவைத்து, குழைத்த சோற்றையோ கூழையோ சிறு கரண்டியால், விழுங்கி முடித்த பிறகே அடுத்த வாய் என்று பொறுமையாக ஊட்டுங்கள். அவர் வாயை மூடிக்கொண்டால் வற்புறுத்த வேண்டாம். 'பட்டினி போடுகிறார்கள்' என்று உறவினர்கள் பேசத்தான் செய்வார்கள். இந்நோயின் இறுதிக்கட்டத்தில் பசியே குறைந்துவிடுகிறது என்பதை மருத்துவரையே அவர்களுக்கு எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அவர் சற்று அடங்கிய பின் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள விரும்பினால், 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.