வாசகர் கேள்வி: ஸ்டேஷனில் பதில் இல்லை

கேள்வி: மீன் ஏலத் தகராறில் என் தம்பியை வெட்டிவிட்டார்கள். வழக்குப் பதிந்து நாலு மாதம். ஸ்டேஷனில் கேட்டால், "விசாரணை நடக்குது, போம்மா" என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: சும்மா திரும்பி வராதீர்கள், அம்மா. வெட்டியவன் ஜாமீனில் வந்ததைக்கூடத் தெருவில் பார்த்துத்தான் வெட்டுப்பட்டவரின் வீட்டார் தெரிந்துகொள்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவுப்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கோ புகார் கொடுத்தவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும். பிரிவைக் குறிப்பிட்டு எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். அப்புறம், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு பற்றியும் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, தொலைபேசி 15100.